கம்பெனியின் சொந்தக்காரர் யார்?

இந்தியக் கம்பெனிகளின் பங்கு மார்க்கெட்டில் கூச்சலில்லாமல் ஒரு பெரிய கைமாற்றம் நடந்திருக்கிறது. பல ஆண்டுகளாக இந்த மார்க்கெட்டில் வெளிநாட்டு முதலீட்டு ஸ்தாபனங்களின் கையே ஓங்கியிருந்தது. அவர்கள் வாங்கினால் விலை ஏறும், விற்றால் இறங்கும். 2025 மார்ச் மாதம் முடிந்த காலாண்டில் இந்த நிலை மாறியது. தேசியப் பங்கு மார்க்கெட்டில் இடம் பெற்ற கம்பெனிகளின் மொத்த மதிப்பில், முதல் தடவையாக உள்நாட்டு ஸ்தாபனங்கள் வெளிநாட்டாரை மிஞ்சின. உள்நாட்டார் கையில் 17.62 சதவிகிதம். வெளிநாட்டார் கையில் 17.22 சதவிகிதம்.

வித்தியாசம் அரை சதவிகிதம் கூட இல்லை. ஆனாலும் விஷயம் சிறியதல்ல. உள்நாட்டு ஸ்தாபனம் என்றால் மியூச்சுவல் பண்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனி, பாங்கு, பென்ஷன் நிதி ஆகியவை. இவற்றுக்குச் சொந்தப் பணம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. பணம் எல்லாம் ஊரார் பணம். மாதத் தவணையாக மியூச்சுவல் பண்டுகளில் சேரும் தொகை 2025 மார்ச்சில் மட்டும் சுமார் 26,000 கோடி ரூபாய். தொழிலாளர் பிராவிடண்டு பண்டும் 2015 ஆகஸ்டு முதல் பங்கு மார்க்கெட்டில் இறங்கிவிட்டது. புதிதாகச் சேரும் பணத்தில் முதலில் 5 சதவிகிதம், 2017-ல் 15 சதவிகிதம் என்று வரம்பு உயர்ந்தது.

ஆகவே, மாதம் ஆயிரம் ரூபாய் கட்டும் பள்ளிக்கூட ஆசிரியையும், பி.எப். பிடித்தம் போகச் சம்பளம் வாங்கும் மில் தொழிலாளியும், தங்களுக்குத் தெரியாமலே நாட்டின் பெரிய கம்பெனிகளுக்கு முதலாளிகள் ஆகியிருக்கிறார்கள். ஆனால் கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்துக்கு அவர்களுக்கு அழைப்பு வராது. அவர்களுக்கு ஓட்டும் கிடையாது. அவர்கள் சார்பில் ஓட்டுப் போடுகிறவர் பண்டு மானேஜர்.

அந்த மானேஜர் விழித்துக் கொண்டிருக்கிறாரா? இதுதான் இன்று கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு விடை தேட, ஐதராபாத்தில் நடந்த ஒரு விவகாரத்தை மறுபடியும் புரட்டிப் பார்ப்பது அவசியம். அது பழைய கதைதான். ஆனால் அதில் எல்லோரும் பார்த்தது கள்ளக் கணக்கை மட்டுமே. பங்குகள் யார் கையில் இருந்தன என்ற கதையைப் பலர் கவனிக்கவில்லை.

மூன்று கை

பங்கு மார்க்கெட்டில் இடம் பெற்ற எந்தக் கம்பெனியும் மூன்று கைகளில் இருக்கும். ஒன்று, கம்பெனியைத் தொடங்கியவர்களும் அவர்கள் குடும்பத்தாரும். இவர்களைப் 'புரமோட்டர்கள்' என்று சட்டம் சொல்கிறது. நிர்வாகம் பெரும்பாலும் இவர்களிடமே இருக்கும். வீட்டின் உள்ளே இருப்பவர்கள் இவர்கள். அடுப்பில் என்ன வேகிறது என்பது இவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது கை, மேலே சொன்ன ஸ்தாபனங்கள். மூன்றாவது, தனித்தனியே பத்தும் நூறுமாகப் பங்கு வைத்திருக்கும் பொது ஜனங்கள்.

யாரிடம் எவ்வளவு என்பது ரகசியம் அல்ல. காலாண்டு முடிந்த 21 நாட்களுக்குள் ஒவ்வொரு கம்பெனியும் இதைப் பட்டியல் போட்டு வெளியிட வேண்டும். ஒரு சதவிகிதத்துக்கு மேல் வைத்திருப்பவரின் பெயரையும் தனியாகச் சொல்ல வேண்டும். புரமோட்டர்களின் பங்கில் எவ்வளவு அடமானத்தில் இருக்கிறது என்பதற்கும் அந்தப் பட்டியலில் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டம் வந்த கதையே சத்யத்தின் கதை.

கரைந்து கொண்டே வந்த பங்கு

சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் 1987-ல் ராமலிங்க ராஜு என்பவரால் ஐதராபாத்தில் தொடங்கப்பட்டது. இருபது ஆண்டுகளில் இந்தியாவின் நாலாவது பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி என்று பெயர் வாங்கியது. ஊழியர்கள் சுமார் 53,000 பேர். நியூயார்க் பங்கு மார்க்கெட்டிலும் இடம் பிடித்தது. மும்பை 'சென்செக்ஸ்' முப்பதில் அதுவும் ஒன்று. கம்பெனியை ஒழுங்காக நடத்துவதற்காக 2008-ல் ஒரு சர்வதேசப் பரிசு கூடக் கொடுத்தார்கள். பிறகு அதைத் திருப்பி வாங்கிக் கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

இவ்வளவு சிறப்பும் ஏறிக்கொண்டே வந்தபோது, ஒன்று மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. அது ராஜு குடும்பத்தாரின் சொந்தப் பங்கு. 2001-ல் அவர்களிடம் 25.60 சதவிகிதம் இருந்தது. 2008 மார்ச்சில் 8.74 சதவிகிதம். ஏழு ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இதை யாரும் ஒளிக்கவில்லை. ஒவ்வொரு காலாண்டிலும் பட்டியலில் அச்சாகி வந்தது.

அந்தப் பங்குகளெல்லாம் எங்கே போயின? பெரும்பாலும் ஸ்தாபனங்களிடம் போயின. 2008 கடைசியில் சத்யத்தின் பங்குகளில் சுமார் 60 சதவிகிதம் வெளிநாட்டு, உள்நாட்டு ஸ்தாபனங்களின் கையில் இருந்தது. அதாவது, சமையல் செய்தவர் தமது இலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். விருந்தாளிகள் அந்த இடத்தில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் பரிமாறச் சொன்னார்கள்.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். புரமோட்டர் பங்கு குறைவது மட்டுமே குற்றத்துக்கு அடையாளம் ஆகாது. இன்போசிஸ் கம்பெனியில் அதைத் தொடங்கியவர்களின் பங்கு 15 சதவிகிதத்துக்கும் குறைவே. லார்சன் அண்டு டூப்ரோ, ஐ.டி.சி. போன்ற கம்பெனிகளில் புரமோட்டர் என்று சொல்ல ஒருவருமே இல்லை. அவையெல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. பங்கு குறைகிறது என்றால் காரணம் என்ன என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். குடும்பத்துக்கு வேறு தொழில் இருக்கிறதா, பணம் அங்கே போகிறதா, பங்குகள் அடமானத்தில் இருக்கின்றனவா? சத்யத்தின் விஷயத்தில் இந்த மூன்று கேள்விகளுக்கும் 'ஆம்' என்பதே பதில். கேட்டவர்கள்தான் இல்லை.

ஓர் இரவின் வெற்றி

2008 டிசம்பர் 16 அன்று சத்யத்தின் டைரக்டர்கள் போர்டு கூடியது. அங்கே ஒரு தீர்மானம் நிறைவேறியது. மேடாஸ் பிராப்பர்டீஸ், மேடாஸ் இன்ப்ரா என்ற இரண்டு கம்பெனிகளைச் சத்யம் வாங்கப் போகிறது என்றார்கள். விலை 160 கோடி டாலர். அன்றைய மதிப்பில் 7,500 கோடி ரூபாய்க்கு மேல்.

இவை நிலம், கட்டிடம், ரோடு வேலை செய்யும் கம்பெனிகள். நடத்தியவர்கள் ராஜுவின் புதல்வர்கள். சத்யம் என்ற பெயரை ஆங்கில எழுத்தில் தலைகீழாகப் படித்தால் மேடாஸ் என்று வரும். பெயரிலேயே விஷயம் இருந்தது!

கம்ப்யூட்டர் கம்பெனிக்கு நிலமும் ரோடும் எதற்கு? அதிலும் 8 சதவிகிதம் வைத்திருக்கும் குடும்பம், மற்ற 92 சதவிகிதக்காரர்களின் பணத்தை எடுத்துத் தன் சொந்தக் கம்பெனிகளை வாங்குவது என்ன நியாயம்? பங்குதாரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அப்போதிருந்த விதிகளின்படி கேட்க வேண்டியதில்லை என்று எண்ணினார்கள். போர்டில் இருந்தவர்களும் சாமானியர்கள் அல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், மாஜி காபினெட் காரியதரிசி ஒருவர், வணிகக் கல்லூரித் தலைவர் ஒருவர் இருந்தார்கள். சிலர் சந்தேகம் கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சம்மதம் தந்தார்கள்.

அன்று இரவு ஸ்தாபனங்கள் விழித்துக்கொண்டன. நியூயார்க்கில் சத்யத்தின் விலை ஒரே நாளில் சுமார் 55 சதவிகிதம் சரிந்தது. பண்டு மானேஜர்கள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். கோர்ட்டுக்குப் போவோம் என்றும் குரல் எழும்பியது. சில மணி நேரத்துக்குள் ராஜு பேரத்தைக் கைவிட்டார். மறுநாள் மும்பையிலும் விலை சுமார் 30 சதவிகிதம் விழுந்தது. அந்த மாதத்திலேயே வெளி டைரக்டர்கள் நால்வர் ராஜிநாமா செய்தார்கள்.

ஸ்தாபனங்களின் பலம் எவ்வளவு என்பது அன்று தெரிந்தது. ஓட்டெடுப்பு இல்லை, கூட்டம் இல்லை. குரல் எழுப்பியதும் கம்பெனி பணிந்துவிட்டது. ஆனால் இதே குரல் 2004-லோ 2006-லோ எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஜனவரி 7

அதன் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. புரமோட்டர்களின் பங்குகள் அடமானத்தில் இருக்கின்றன என்ற செய்தி டிசம்பர் கடைசியில்தான் வெளியே வந்தது. விலை விழுந்ததும் கடன் கொடுத்தவர்கள் அந்தப் பங்குகளை எடுத்து விற்றார்கள். 8 சதவிகிதம் என்று பட்டியலில் இருந்தது, புது வருஷம் பிறந்த ஒரு வாரத்தில் 4 சதவிகிதம் கூட இல்லை என்று ஆயிற்று.

2009 ஜனவரி 7 அன்று ராஜு தம் டைரக்டர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாங்கில் ரொக்கமாக 5,361 கோடி ரூபாய் இருப்பதாகக் கணக்கு காட்டியிருந்தார்கள். அதில் 5,040 கோடி கிடையவே கிடையாது என்று அவரே ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய செப்டம்பர் காலாண்டில் லாபம் 649 கோடி என்று சொன்னார்கள். உண்மையில் 61 கோடி. ஆண்டுக்கணக்காக இப்படிப் பொய்க்கு மேல் பொய்யாக ஏற்றிக்கொண்டு வந்ததைச் சொல்லி, புலி மேல் ஏறியவன் இறங்க வழி தெரியாமல் தவிப்பதற்குத் தம் நிலையை அவர் ஒப்பிட்டார். நம் ஊரில் புலி வாலைப் பிடித்த கதை என்பார்கள்.

அன்று காலை ரூ.179-ல் இருந்த பங்கு மாலையில் ரூ.39.95.

அந்தக் கடிதத்தில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு வாக்கியம் உண்டு. புரமோட்டர்களிடம் பங்கு குறைவாக இருந்ததால், லாபம் குறைவாகக் காட்டினால் வேறு யாராவது கம்பெனியைக் கைப்பற்றிவிடக் கூடும், அப்போது கணக்கில் உள்ள ஓட்டை வெளிப்பட்டுவிடும் என்று பயந்ததாக அவர் சொல்லியிருந்தார். மேடாஸ் பேரமும் இல்லாத பணத்தின் இடத்தில் இருக்கிற நிலத்தை வைத்து ஓட்டையை அடைக்கும் கடைசி முயற்சிதான் என்றார்.

பங்குப் பட்டியலையும் இந்த வாக்கியத்தையும் சேர்த்துப் படித்தால் விஷயம் விளங்கும். பங்கு கரைந்தது ஒரு பக்கம். கணக்கு வீங்கியது மறு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளின. கணக்குப் புத்தகம் பூட்டிய அறைக்குள் இருந்தது. அதை வெளியாரால் பார்த்திருக்க முடியாது. ஆடிட்டர்களுக்கே தெரியவில்லை என்று சொன்னார்கள். ஆனால் பங்குப் பட்டியல் வாசல் திண்ணையில் கிடந்தது.

தண்டனையும் மிச்சமும்

சர்க்கார் பழைய போர்டைக் கலைத்துப் புதிய போர்டை நியமித்தது. அதில் சென்னை ஆடிட்டர் டி.என். மனோகரன் ஒருவர். ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் அதிகாரி ஒருவரும் இடம் பெற்றார். ஸ்தாபனத்தின் பிரதிநிதி ஒருவருக்குச் சத்யம் போர்டில் நாற்காலி கிடைத்தது, வீடு எரிந்த பிறகுதான்!

2009 ஏப்ரலில் டெக் மகிந்திரா கம்பெனி பங்கு ஒன்றுக்கு ரூ.58 வீதம் கொடுத்து 31 சதவிகிதத்தை வாங்கியது. 2013-ல் சத்யம் அதனுடன் இணைந்து மறைந்தது. 17 சத்யம் பங்கு வைத்திருந்தவருக்கு 2 டெக் மகிந்திரா பங்கு கிடைத்தது. 2015 ஏப்ரல் 9 அன்று ஐதராபாத் தனிக் கோர்ட்டு ராஜு உட்பட 10 பேருக்கு ஏழு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அடுத்த மாதமே அப்பீலில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது. பங்கு மார்க்கெட் மேற்பார்வை ஸ்தாபனமான 'செபி', உள்விஷயம் தெரிந்திருந்தும் லாபம் அடைந்ததாக ராஜு முதலிய ஐந்து பேரிடம் 1,849 கோடி ரூபாயை வட்டியுடன் திருப்பிக் கேட்டு 2014 ஜூலையில் உத்தரவிட்டது. அந்த வழக்கு அப்பீல் மன்றத்துக்கும் செபிக்கும் நடுவில் பல ஆண்டுகள் நடை நடந்தது.

அடமானத்தை வெளியிட வேண்டும் என்ற விதி 2009 ஜனவரியிலேயே வந்துவிட்டது. சத்யம் தந்த பாடங்களில் உடனே பலனுக்கு வந்தது அதுதான்.

ஒரு மந்திரியின் ராஜிநாமா

ஸ்தாபனங்களின் பணத்தையும் கம்பெனிக்காரர்களின் சாமர்த்தியத்தையும் இந்தியா முதன் முதலாகச் சேர்த்துப் பார்த்தது சத்யத்தில் அல்ல. ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசிய மயமாகிக் கார்ப்பரேஷன் பிறந்தது 1956 செப்டம்பரில். மறு வருஷம் ஜூன் மாதமே அது கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. அதன் சொந்த முதலீட்டுக் கமிட்டியைக் கேட்கவே இல்லை. அந்தக் கம்பெனிகளோ ஆட்டம் கண்டிருந்தன. பெரோஸ் காந்தி பார்லிமெண்டில் இதைக் கிளப்பினார். நீதிபதி சாக்ளா பகிரங்க விசாரணை நடத்தினார். கூட்டம் தாங்காமல் ஒலிபெருக்கி வைக்க வேண்டியிருந்தது. 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவியை விட்டு விலகினார்.

பாலிஸிதாரர்களின் பணம் ஒரு தனி மனிதரைக் கைதூக்கிவிடப் பயன்பட்டதற்காக அன்று ஒரு மந்திரி போனார். முந்த்ரா விவகாரத்தில் ஸ்தாபனம் வாங்கும்போது தப்புச் செய்தது. சத்யத்தில் ஸ்தாபனங்கள் வாங்கிவிட்டுத் தூங்கின. எது பெரிய தப்பு என்று எடை போடுவது கடினம்.

தூங்காத சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. எண்பதுகளில் லண்டன் தொழிலதிபர் ஸ்வராஜ் பால் எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் பங்குகளை வாங்கினார். நிர்வாகத்தில் இருந்த நந்தா குடும்பம் அதைப் பதிவு செய்ய மறுத்தது. அந்தக் குடும்பத்தின் சொந்தப் பங்கு மிகக் கொஞ்சம். பாதிக்கு மேல் சர்க்கார் ஸ்தாபனங்களிடம் இருந்தது. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் கூட்டம் கூட்டச் சொல்லி, ஒன்பது டைரக்டர்களை நீக்கத் தீர்மானம் கொடுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. பங்குதாரர் தம் உரிமையைப் பயன்படுத்தக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கார் ஸ்தாபனமாக இருந்தாலும் அதே உரிமைதான் என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. சட்டப்படி ஸ்தாபனங்களுக்குப் பல் இருக்கிறது என்பது அன்றே முடிவாகிவிட்டது. கடிப்பதா வேண்டாமா என்பதே மீதி.

கை தூக்கியவர்கள்

சத்யத்துக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் திருந்தியிருக்கிறது. புரமோட்டர் குடும்பத்துக்குச் சம்பந்தமுள்ள பெரிய பேரங்களில், சம்பந்தப்பட்டவர்கள் ஆதரவாக ஓட்டுப் போட முடியாது என்ற விதி 2013 கம்பெனிச் சட்டத்தையும் செபி உத்தரவுகளையும் ஒட்டி வந்தது. மேடாஸ் பேரம் இன்று வந்தால், மற்ற பங்குதாரர்கள் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும்.

இதற்கு முதல் பரீட்சை மாருதி. 2014 ஜனவரியில், குஜராத் தொழிற்சாலையை மாருதிக்குப் பதிலாக ஜப்பான் சுசூகியே சொந்தமாகக் கட்டும் என்று அறிவித்தார்கள். சுசூகியிடம் மாருதியின் 56 சதவிகிதப் பங்கு இருந்தது. பழைய வழக்கப்படி பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மியூச்சுவல் பண்டுகள் கூட்டாகக் கடிதம் எழுதின. நிபந்தனைகள் திருத்தப்பட்டன. 2015 டிசம்பரில் மற்ற பங்குதாரர்களின் ஓட்டுக்கு விட்டார்கள். சுமார் 90 சதவிகிதம் ஆதரவு கிடைத்தது. எதிர்த்தவர்கள் கடைசியில் ஆதரித்ததை ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஏளனத்துக்கு இடமில்லை. கேள்வி கேட்டதால் நிபந்தனை மாறியது. மாறிய பிறகு சம்மதித்தார்கள்.

அதே 2014 ஜூலையில் டாட்டா மோட்டார்ஸ் மூன்று டைரக்டர்களின் சம்பளத்துக்கு அனுமதி கேட்டது. அதற்கு முக்கால் பங்கு ஓட்டு வேண்டும். கிடைக்கவில்லை. டாட்டாவின் தீர்மானமே தோற்றது என்பது அன்று பெரிய செய்தி. ஆறு மாதம் கழித்து விளக்கம் சொல்லி மறுபடியும் கேட்டு வாங்கினார்கள்.

இன்னொரு சம்பவம் சென்னைக்குப் பக்கத்தது. திருவொற்றியூரிலும் ஒரகடத்திலும் 'புல்லட்' மோட்டார் சைக்கிள் செய்யும் ராயல் என்பீல்டு, ஐச்சர் மோட்டார்ஸ் கம்பெனியைச் சேர்ந்தது. அப்போது அதன் மானேஜிங் டைரக்டராக இருந்தவர் சித்தார்த்த லால். குடும்பத்தின் பங்கு பாதிக்குக் கொஞ்சம் குறைவு. நலிந்து கிடந்த புல்லட்டை நிமிர்த்தி நிறுத்தியவர் என்று அவருக்கு நல்ல பெயர். 2021 ஆகஸ்டில் அவரை மறுபடியும் நியமிக்கும் தீர்மானம், சம்பள உயர்வுடன் சேர்ந்து ஓட்டுக்கு வந்தது. 75 சதவிகிதம் தேவை. 73 சதவிகிதம்தான் கிடைத்தது. ஸ்தாபனங்களில் பெரும்பாலானவை எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தன. அவர்களுக்கு ஆள் மேல் கோபம் இல்லை. சம்பளத்தின் உச்ச வரம்பில்தான் ஆட்சேபம். அடுத்த வாரமே போர்டு வரம்பைக் குறைத்துப் புதிய தீர்மானம் கொண்டு வந்தது. அது நிறைவேறியது.

லாபம் ஈட்டித் தந்த மனிதரிடமே கணக்குக் கேட்டார்கள் என்பதுதான் இதில் விசேஷம். நஷ்டம் வந்த பிறகு சத்தம் போடுவது யாருக்கும் கைவந்த கலை.

ஏன் தயக்கம்?

இத்தனை பலம் இருந்தும் ஸ்தாபனங்கள் ஏன் அடிக்கடி வாய் திறப்பதில்லை? முதல் காரணம் எளிது. பண்டு மானேஜருக்குக் கம்பெனி பிடிக்கவில்லை என்றால் பங்கை விற்றுவிட்டு நடையைக் கட்டலாம். சண்டை போட நேரமும் செலவும் ஆகும். வரும் லாபமோ சண்டை போடாதவருக்கும் சேரும். விற்பவர் தப்பித்துக்கொள்கிறார். வாங்குபவர் மாட்டிக்கொள்கிறார். அந்த வாங்குபவர் பல சமயம் இன்னொரு பண்டு.

இரண்டாவது காரணத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை. பண்டு நடத்தும் குழுவுக்குப் பாங்கும் இருக்கும், இன்ஷூரன்ஸும் இருக்கும். அந்தப் பாங்கு அதே கம்பெனிக்குக் கடன் கொடுக்கும். அந்த இன்ஷூரன்ஸ் அதே கம்பெனி ஊழியர்களின் குரூப் பாலிஸிக்கு ஆசைப்படும். காலையில் வியாபாரம் கேட்கப் போன வீட்டில், மாலையில் எதிர்த்து ஓட்டுப் போட மனம் வராது. இதை உத்தேசித்துத்தான் மியூச்சுவல் பண்டுகள் கண்டிப்பாக ஓட்டுப் போட வேண்டும் என்று செபி உத்தரவிட்டது. 2021 ஏப்ரல் முதல் முக்கியத் தீர்மானங்களிலும், 2022 ஏப்ரல் முதல் எல்லாத் தீர்மானங்களிலும் அவை ஓட்டுப் போட்டாக வேண்டும். எப்படிப் போட்டோம், ஏன் போட்டோம் என்பதையும் வெளியிட வேண்டும்.

விற்க முடியாத முதலாளி

இப்போது ஒரு புதிய விசித்திரம் சேர்ந்திருக்கிறது. அதுதான் 'இண்டெக்ஸ்' பண்டு. நிப்டி ஐம்பதிலோ சென்செக்ஸ் முப்பதிலோ எந்தக் கம்பெனி இருக்கிறதோ, அதை அந்த விகிதத்தில் வாங்கி வைப்பது மட்டுமே அதன் வேலை. நல்லது கெட்டது பார்க்கும் மானேஜர் அங்கே இல்லை. கமிஷன் குறைவு என்பதால் பணம் குவிகிறது. பிராவிடண்டு பண்டு தொழிலாளர் பணத்தைப் போடுவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட பண்டுகளில்தான்.

சந்தேகம் வந்தால் இந்தப் பண்டு விற்க முடியாது. கம்பெனி பட்டியலில் இருக்கும் வரை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்யம் 2009 ஜனவரி 7 அன்று காலையிலும் சென்செக்ஸில் இருந்தது, நிப்டியிலும் இருந்தது. கடிதம் வந்த பிறகுதான் நீக்கினார்கள். அன்று இண்டெக்ஸ் பண்டுகள் சிறியவை. இன்று அதே சம்பவம் நடந்தால், ரூ.179-லிருந்து ரூ.39.95 வரை உள்ள படிகள் அத்தனையிலும் தொழிலாளியின் சேமிப்பும் கூடவே இறங்கும்.

விற்கும் வழி அடைபட்ட முதலாளிக்கு மிஞ்சியிருப்பது ஓட்டு ஒன்றே. அந்த ஓட்டு பண்டை நடத்தும் கம்பெனியின் ஆபீசில் இருக்கும் ஒரு சிறு குழுவின் கையில் இருக்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை நூற்றுக்கணக்கான கம்பெனிகளின் ஆண்டுக் கூட்டங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு தீர்மானங்கள். டைரக்டர் நியமனம், சம்பளம், குடும்பக் கம்பெனியுடன் பேரம் எல்லாம் அவற்றில் அடக்கம். ஆலோசனை சொல்வதற்கென்றே தனி ஸ்தாபனங்கள் சில இருக்கின்றன. அவை எழுதிக் கொடுக்கும் சிபாரிசைப் பார்த்து ஓட்டுப் போடுவதும் உண்டு.

மில் தொழிலாளியிடம் இதில் எதையும் யாரும் கேட்பதில்லை. அவருடைய சம்பளச் சீட்டில் பி.எப். பிடித்தம் எவ்வளவு என்பது மட்டும் போட்டிருக்கும்.